சட்னி தொட்டுச் சாப்பிட்ட பிரசாதம்

"உங்க ஆயாவப் பத்தி எழுதறதுக்கு இன்னாமா இருக்குது? எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கினு கெடந்துது. அவ்ளோதானே?"

போன மாதம் அப்பா இப்படிக் கேட்டார். கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டி யானையின் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் காஞ்சிபுரத்துக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றித்தான் என்னைப் படிக்கவைத்தார். அவர் ஐந்தாவதோடு நின்றவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். நான் வேதியியலில் முதுகலை முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு பொருளைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டவும் வேண்டும். என் ஆயாவைத் தள்ளிவைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இறந்துபோன ஒருத்தியைப் பற்றி ஒரே ஒரு வரியைச் சொல்லி முடித்துவிடுவார்கள், இல்லையா? கேட்டுக் கேட்டு அந்த வரியே அவளாகிவிடும். எங்கள் வீட்டில் அந்த வரி, "பாவம், வாயால கெட்டது." ஆயாவின் சாவு வீட்டிலேயே, உடம்பை எடுப்பதற்கு முன்னாலேயே, ஒருவர் இதை இன்னொருவரிடம் சொன்னார். கேட்டவர் தலையாட்டினார். எனக்கு எழுந்து கத்தலாம்போல இருந்தது. கத்தவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆயா என்றால் அப்பாவின் அம்மா. முசரவாக்கத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டுக்குத் தார் சுற்றப் போகும். தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சி. ராட்டையைச் சுழற்றி அதில் பட்டு நூலைச் சுற்ற வேண்டும். சிறு வயதில் ஆயா யார் வயலிலோ நாற்று நட்டது. பிறகு இந்த வேலை. "அங்க குனிஞ்சிக்கினு இருந்தேன், இங்க குந்திக்கினு இருக்கேன். பதவி உயர்வுதானே?" என்று அதையும் சொல்லிச் சிரிக்கும்.

ஆயா சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். முன்பல் ஒன்று இல்லாததால் கடைசியில் ஒரு சீட்டி மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அதுவே மறுபடி சிரிக்கும். யார் எப்படி நடக்கிறார்கள் என்று நடந்து காட்டும். ரேஷன் கடைக்காரர், நர்சம்மா, ஓட்டு கேட்க வருகிறவர் என்று ஒருவரையும் விடாது. நெசவு வீட்டு அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் தன் மருமகளைத் திட்டுவதைத் திட்டு மாறாமல் எங்களுக்கு நடித்துக் காட்டும். எனக்குத் தெரிந்த கொஞ்சம் தெலுங்கும் ஆயா வழியாக வந்த வசவுதான். தாத்தா எப்போதோ போய்விட்டார். ஆனாலும் எங்கள் தெருவில் ஒரு நலங்கு நடந்தால் ஆயாவை முதலில் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து பாட்டுக் கட்ட ஆயாவைவிட்டால் ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் வழுக்கை, மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த தட்டிலிருந்த காய்ந்த ஆப்பிள் எல்லாம் பாட்டில் வந்துவிடும். கேலிக்கு ஆளானவர்களே கைதட்டிச் சிரிப்பார்கள்.

நான் சொல்லப்போவது நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது வந்த ஒரு கோடை விடுமுறை.

வைகாசியில் வரதர் கோயிலில் கருட சேவை. விடிவதற்குள் ஆயா என்னை எழுப்பி, தலையில் தண்ணீரை ஊற்றி, இழுத்துக்கொண்டு போனது. அத்தனை கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. துளசியும் வியர்வையும் நசுங்கிய வாழைப்பழமுமாக ஒரு வாசனை. ஆயா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டது. வெள்ளைக் குடைகள் அசைந்து வருவது தெரிந்தது. கருடனின் மூக்கு தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். ஆயா, "இன்னா கம்பீரம்டீ! ஆயா மாதிரியே கீறாரு பாரு" என்றது. பக்கத்தில் நின்ற ஒரு மாமி திரும்பி முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ராட்டினம். ஆயா எனக்காக ஏறியதாக நினைத்துவிடாதீர்கள். நான் பயந்து அழுதேன். ஆயாதான் ஏற வேண்டுமென்று ஏறியது. மேலே போனதும் பெட்டியிலிருந்த எல்லோரும், "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று அலறினார்கள். ஆயா எல்லோருக்கும் மேலே கத்தியது: "நிறுத்தின, எறங்கி வந்து ஒதைப்பேன்! சுத்துடா ராஜா!"

இறங்கி வந்ததும் பச்சைச் சட்டம் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ் வாங்கியது. எனக்கு இல்லை, தனக்கு. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே தார் சுற்றப் போனது. விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். நெசவு வீட்டு அம்மா வாசலில் பார்த்துவிட்டு, சினிமாவில் சேர்ந்துவிட்டாயா என்று தெலுங்கில் கேட்டார். ஆயா ராட்டையின் முன்னால் உட்கார்ந்து, "அவுனு. ஹீரோயின் நேனே" என்றது, ஆமாம், ஹீரோயினே நான்தான் என்று. உள்ளே தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாச் சத்தம் நின்றுவிட்டது. நெசவாளர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி இப்போது இல்லை. அத்தையின் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது குப்பையோடு போயிருக்க வேண்டும். யாரைக் கேட்டாலும், "எந்தக் கண்ணாடி?" என்கிறார்கள்.

அந்த விடுமுறையில்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை ஆயாவின் கடைசிப் பெண். காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் புடவை மடித்து வைக்கும் வேலை. மாப்பிள்ளை வீடு கூரம். பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான். அவனுடைய அப்பாவுக்கு ஊரில் கொஞ்சம் நிலமும் நெல் வியாபாரமும். எங்கள் வீட்டுக்கு அது பெரிய இடம். அப்பா பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்து போட்டார். வீடு முழுக்கப் பினாயில் வாசனை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முடிந்து சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். சாப்பிட்டால் கை நனைத்துவிட்டதாகப் பொருள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதனால் பெரியவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய உடம்புக்காரர், கொம்பு மீசை. பையன் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் போனை அமுக்கியபடியே இருந்தான். "ரொம்பக் கூச்சம்" என்றார் தரகர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அத்தை வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது.

ஆயா காலையிலேயே காஞ்சிபுரம் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் கோயில் இட்லி வாங்கி வைத்திருந்தது. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்: மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் போட்டு, மந்தார இலையில் வேகவைத்தது. அடுப்பங்கரையிலிருந்து நெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஆயா அதைப் பார்த்துவிட்டது.

"இன்னாண்ணா, மூக்கு அடுப்பங்கரப் பக்கமே போவுது?"

"இல்லம்மா, வாசனை நல்லா இருக்குதேன்னு…"

"வரதர் பிரசாதம்ண்ணா. பிரசாதத்த மட்டும் வேணான்னு சொல்லக் கூடாது."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா லேசாகத் தலையசைத்தார். பிரசாதம் என்றால் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது அல்லவா? ஆயா என் கையில் இலையைக் கொடுத்து அனுப்பியது. அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டார். ஆயா அவர் முன்னால் வந்து குந்தியது. கையில் ஒரு கிண்ணம்.

"காரமா இருக்கும்ண்ணா. இத்தத் தொட்டுக்குங்க."

அவரும் தொட்டுக்கொண்டார். ஒரு வாய் முழுங்கினார். மறு வாய்க்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, பிரசாதத்துக்கு ஏதும்மா தேங்கா சட்னி?"

ஆயா எழுந்து கைதட்டியது. "கை நனைச்சிட்டாருடா சம்பந்தி! தாம்பூலத் தட்ட எடுத்தாங்கடா!"

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்க, மிளகு புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தரகர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் சிரிப்புக் கேட்டது. அப்பாவும் சிரித்தார். இதை அவர் இப்போது மறுக்கிறார். நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"மோசம் பண்ணிட்டியேம்மா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரி, ஆனது ஆச்சி. இன்னொண்ணு வை."

அந்த இன்னொன்றையும் நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த வாரம் தரகர் மட்டும் வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடி அப்பாவிடம் சொன்னார்: "சாமி பேரச் சொல்லி ஏமாத்துற வூட்ல பொண்ணு எடுத்தா வெளங்காதுன்னுட்டாங்கப்பா. நானும் எவ்ளோ பேசிப் பாத்தேன். அந்தம்மா பண்ண வேல…"

அப்பா முற்றத்துக்கு வந்தார். ஆயா துணி அலசிக்கொண்டிருந்தது.

"இப்ப சந்தோசமா? சிரி, இப்ப சிரி பாக்கலாம்! உன் பொண்ணு வாழ்க்கைய இட்லியில வெச்சு முழுங்கிட்டியே!"

"டேய், அந்தாளுதானேடா இன்னொண்ணு வைய்யின்னு கேட்டாரு?" என்றது ஆயா.

"ஆமாப்பா. கேட்டாரு. நான்தான் வெச்சேன்" என்றேன் நான்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராத. உள்ள போ."

நான் உள்ளே போனேன். பார்த்த ஒரே சாட்சியை வயதைக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். கோபித்தவன் எப்படி இன்னொன்று கேட்பான் என்று அன்று யாராவது ஒருவர் யோசித்திருந்தால் போதும். கூரம் ஒன்றும் வடநாட்டில் இல்லை. பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. நேரில் போய், "என்னங்க ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீட்டு வாசலை மிதிப்பது கேவலமாம். அந்தக் கேவலத்துக்குப் பயந்து முழுப் பழியையும் வீட்டிலிருந்த ஆள்மேல் வைத்தார்கள். அத்தை படுத்துக்கொண்டு அழுதாள். அம்மா சமைக்கவில்லை. அப்பா ஆயாவைப் பார்த்து, "இனிமே எந்த விசேஷத்துலயும் நீ வாயத் தொறக்கக் கூடாது. வரவே வேணாம்" என்றார்.

ஆயா ஒரு கேலி சொல்லப் பார்த்தது. என்ன கேலி என்று எனக்கு நினைவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டது. நான் பார்த்த வரையில் ஆயா பாதியில் நிறுத்திய முதல் கேலி அதுதான்.

அடுத்த தை மாதம் அத்தைக்கு வாலாஜாபாத்தில் வேறு இடத்தில் முடிந்தது. நல்ல மனிதர், இன்றைக்கும் அத்தையை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கல்யாண மண்டபத்தில் பெண்ணைப் பெற்ற ஆயா எங்கே இருந்தது தெரியுமா? ஸ்டோர் ரூமில். "காய்கறி, மளிக சாமான் எல்லாம் பத்திரம், நீ பாத்துக்கோ" என்று அப்பா உட்கார வைத்துவிட்டார். நலங்கு முதல் நாள் மாலை நடந்தது. யாரோ ஒருத்தி செல்போனில் பாட்டுப் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

காலையில் நான் ஆயாவுக்குப் பொங்கல் எடுத்துக்கொண்டு போனேன். உருளைக்கிழங்கு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு பெரிய பூசணிக்காயைத் தட்டிக் காட்டி, "வா, வா. இவருதான் மாப்ள வூட்டு மாமா. அசப்புல அப்டியே இல்ல?" என்றது. நான் சிரித்தேன். ஆயா உடனே வாயில் விரலை வைத்தது. "சத்தம் போடாத. உங்கப்பன் வந்துடுவான்."

கெட்டிமேளம் கேட்டது. ஆயா எழுந்து கதவருகே போனது. போய்விட்டுத் திரும்பி வந்தது. அரிசி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மேடை இருந்த திசையில் இருந்த சுவரின்மேல் போட்டது. அரிசி சுண்ணாம்புச் சுவரில் பட்டு, வெங்காயக் கூடைக்குள் சிதறியது.

"நான் இன்னாடீ பண்ணிட்டேன்?" என்றது என்னிடம். "ஒரு இட்லி குடுத்தேன்."

இன்றைக்கு அந்தக் கேள்வியை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? கேட்க வேறு ஆள் இல்லாமல் செய்துவிட்டோமே.

அதற்குப் பிறகு ஆயா ஒரேயடியாக முடங்கிப்போகவில்லை. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். தார் சுற்றும் வீட்டில் சிரித்தது. பஸ்ஸில் சிரித்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, வேலைக்குப் போவதை விட்டிருந்த ஆயா தினமும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடும். ஒரு வேலையும் இருக்காது. வாலாஜாபாத் வரை போய், இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பும். கண்டக்டர்கள் எல்லோரும் பழக்கம். "இன்னா ஹீரோயினு, இன்னிக்கு எங்க ஷூட்டிங்கு?" என்று கேட்பார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால், "கால் வலிக்குதுடீ, நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிடும். ராட்டினத்தில் ஏறிய கால். பஸ் படிக்கட்டில் ஏறும் கால்.

போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். என் சிரிப்பு ஆயாவின் சிரிப்பு. பல் எல்லாம் இருக்கிறது, சீட்டி மட்டும் வராது. அம்மாவுக்கு அது பெரிய கவலை. "வரவங்க முன்னாடி அப்டி இளிக்காதடீ. ஆயா கத தெரியுமில்ல?" என்கிறாள். தெரியும். எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் அக்காவுக்கு வளைகாப்பு. அவளும் நானும் காஞ்சிபுரத்திலிருந்து கூரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். அவள் எங்கள் சூப்பர்வைசர் மீட்டிங்கில் தூங்கி விழுந்ததை நடித்துக் காட்டினாள். நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் மெதுவாகத் திரும்பினார். உடம்பு வற்றிப்போய், மீசை நரைத்துத் தொங்கியது.

"ஏம்மா, நீ முசரவாக்கமா?"

"ஆமாங்க."

"அங்க தார் சுத்தப் போவுமே, ஒரு அம்மா…"

"எங்க ஆயா."

"அதானே! இந்தச் சிரிப்பு வேற யாருக்கு வரும்? எனக்கு பிரசாதம்னு சொல்லி சட்னி ஊத்துனாங்கம்மா!" என்று அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்குத்தானே எங்க அத்தைய வேணான்னுட்டீங்க?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான் தரகர்கிட்ட சொல்லி அனுப்பினீங்க. சாமி பேரச் சொல்லி ஏமாத்துற வீடுன்னு."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிறுத்தம் போனது. பிறகு இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எம்புள்ள அதுக்கு முன்னாடியே கம்பெனியில கூட வேல செஞ்ச பொண்ணோட ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினாம்மா. உங்க வூட்லருந்து திரும்பி வந்த அப்பறந்தான் எங்களுக்கே சொன்னான். நான் இன்னான்னு சொல்லி அனுப்பறது? புள்ள மானம் போவுது, வூட்டு மானம் போவுது. எங்க வூட்டம்மாதான் இட்லி சங்கதியச் சொல்லிடலாம்னுது. சின்ன சாக்குதானே, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கன்னு நெனச்சோம்."

"எங்க ஆயா மானம்?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஆயாவ அதுக்கப்பறம் ஒரு கல்யாணத்துலயும் உக்கார வைக்கல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா. ஒரு நாள் நேர்ல வந்து சொல்லணும், சொல்லணும்னுதான் இருந்தேன். நல்லாக் கீறாங்களா?"

"செத்துப்போச்சு."

கூரம் நிறுத்தத்தில் இறங்கும்போது, "நான் இன்னாம்மா செய்யட்டும் இப்ப?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதையும் நான்தான் சொல்ல வேண்டுமா? பஸ் கிளம்பிவிட்டது.

அன்றே வீட்டில் சொன்னேன். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், ஆயாவின் படத்தின் முன்னால் நிற்பார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இவ்வளவு படித்தும் எனக்கு மனிதர்களைப் பற்றித் தெரியவில்லை. அம்மா, "இருந்தாலும் சட்னி ஊத்துனது தப்புதான?" என்றாள். அத்தைக்குப் போன் போட்டேன். "நல்லவேள, நான் தப்பிச்சேன்" என்று சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இங்க அவரு காதுல வுழுந்துடப் போவுது, போன வெய்யிடீ" என்றாள். அவளை ஒருவர் வேண்டாம் என்றுவிட்டுப் போன கதையை அவள் புருஷனிடம் இதுவரை சொன்னதில்லையாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவினார்.

"முடிஞ்சிபோன கதம்மா அது. இப்ப எதுக்குக் கெளர்ற?"

"முடியலப்பா. நேத்துகூட அம்மா என்னச் சிரிக்காதன்னாங்க."

"படிச்சிட்டா எல்லாரையும் கூண்டுல ஏத்தணுமா? எங்கம்மாவப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா, வாயால கெட்டதுன்னு யாராவது சொல்லும்போது ஏம்பா கம்முனு இருக்கீங்க?"

சாவியை எடுத்துக்கொண்டு டீசல் போட வேண்டும் என்று வெளியே போனார். டீசல் முதல் நாள்தான் போட்டிருந்தார். வண்டி கிளம்பும் சத்தம் வெகுநேரம்வரை கேட்கவே இல்லை. அவர் இருட்டில் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவருக்கும் வலிக்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் தன் வலியைக் காப்பாற்றிக்கொள்ள, ஆயாவின்மேல் இருக்கிற பொய்யை அப்படியே இருக்க விடுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் ஆயாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், எழுத என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். இருப்பது இதுதான், அப்பா. ராட்டினத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நிறுத்தச் சொன்னபோது சுற்றச் சொன்ன ஒருத்தி இருந்தாள். அவளை நாம் ஒரு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தோம். காரணம் பொய். எழுதிவிட்டேன்.

ஆனால் நான் எழுதுவதை எங்கள் உறவுக்காரர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? அப்பாவுக்குப் பஸ்ஸின் பெயர்ப்பலகை படிக்க வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. வாயால் பரவிய பொய்யை வாயால்தான் மாற்ற வேண்டும். அதையும் என் வாயால் சொன்னால், பேத்தி பாசத்தில் பேசுகிறாள் என்று சொல்லித் தட்டிவிடுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்கு வருஷப் படையல். அத்தையும் மாமாவும் வருகிறார்கள். சாவு வீட்டில் அந்த வரியைச் சொன்னவரும், கேட்டுத் தலையாட்டியவரும் வருகிறார்கள்.

அத்தைக்குப் போன் செய்து, நான் அன்று இந்தக் கதையை எல்லோர் முன்னாலும் பேசப்போகிறேன், மாமாவிடம் நீயே முன்னால் சொல்லிவிடு என்றேன். திட்டினாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "சொல்லிட்டேன். 'அட, இதுக்கா பயந்தே?'ன்றாருடீ" என்றாள்.

நேற்று வேலையிலிருந்து பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூரம் போனேன். விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி கதவிலேயே நின்று, "போனதெல்லாம் இப்ப எதுக்குமா? எம்புள்ள பேரு கெடும்" என்றார். அவனுக்கு இப்போது கல்லூரி போகும் பெண் இருக்கிறாள், அவன் பெயர் ஒன்றும் கெடாது என்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "வுடு அவள. வரட்டும்" என்றார்.

என்ன செய்யட்டும் என்று அன்று கேட்டீர்களே, இதைச் செய்யுங்கள் என்றேன். எல்லோர் முன்னாலும் வந்து சொல்ல வேண்டும், என் அப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கப்போட்டு, "உங்கப்பா என்னைய உள்ள வுடுவாராம்மா?" என்று கேட்டார்.

"நான் கூட்டினு வரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு வாசலுக்கு வர ஓர் ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்டோவில் நானும் போகிறேன்.